அரங்கம் சமைத்த கைகள்: ஏ. கே. சேகரும் தமிழ்த் திரையின் காட்சியமைப்பும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அறியாத தமிழாசிரியர் இரார். மாதவியின் ஆடலைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், அவள் மேடையில் அடியெடுத்து வைப்பதற்கு முன்பே அவளுக்குத் துணை நின்றோரை வரிசையாக அறிமுகம் செய்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகிய அறுவர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறுகிறார். அதன்பின் அரங்கின் அமைதி வருகிறது. இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம். அரங்கப் பலகைக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். புகுவதற்கு ஒன்றும் வெளிவருவதற்கு ஒன்றுமாக இரு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்தும் முறைகூட அங்கே கூறப்படுகிறது.

இத்துணை நுட்பமாக அளவு சொன்ன காப்பியம், அந்த அரங்கைக் கட்டிய தச்சனுக்குத் தனி இலக்கணம் கூறவில்லை. நூலோர் வகுத்த முறை வழுவாமல் அமைத்தனர் என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுகிறது. யாழாசிரியனுக்குக் கிடைத்த இடம், மூங்கில் கொணர்ந்து கோல் அளந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறை இருபதாம் நூற்றாண்டின் புதிய அரங்கமாகிய திரைப்படத்திலும் தொடர்ந்தது. தமிழ்ப்படத்தின் முதல் நடிகை யார், முதல் பாடகர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் பலர். முதற்காலத் தமிழ்ப்படங்களுக்கு அரண்மனையும் கோட்டையும் தெருவும் சமைத்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர். அவ்வாறு மறக்கப்பட்டவருள் தலையாயவர் ஏ. கே. சேகர். நாடகத்தைப் படம்பிடிப்பதாக இருந்த ஒரு தொழில், திரைக்கே உரிய கலையாக மாறியதில் அவர் துறைக்கு உரிய பங்கைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படுதாவின் ஆட்சி

பேசும் படம் வருவதற்கு முந்திய அரை நூற்றாண்டில், தமிழ் மேடையின் காட்சி என்பது பெரும்பாலும் படுதாவே. பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராக வந்து போனதன் விளைவாக, சுருட்டி ஏற்றி இறக்கும் ஓவியத் திரைகள் தமிழ்நாட்டிலும் பரவின. தர்பார், வீதி, வனம், நந்தவனம், சிறைச்சாலை என்று நாலைந்து படுதாக்கள் இருந்தால் ஒரு குழு எந்தக் கதையையும் நடத்திவிடலாம். அரிச்சந்திரன் அலைந்த காடும் வள்ளி தினைப்புனம் காத்த காடும் ஒரே துணியாக இருப்பதைப் பார்வையாளர் குறையாகக் கொள்ளவில்லை. கதையைப் பாட்டே நடத்திச் சென்றது. சங்கரதாச சுவாமிகள் (1867-1922) வகுத்த நாடக மரபு செவிக்கு விருந்தளித்த மரபு.

கண்ணுக்கு விருந்தளிக்க முனைந்த குழுக்களும் இருந்தன. கன்னையா நாடகக் குழுவின் ‘தசாவதாரம்’ காட்சிச் சிறப்புக்குப் பெயர் பெற்றது. பின்னாளில் நவாப் ராஜமாணிக்கம் குழுவினர் மேடையில் காட்டிய வியப்புகளை முதியோர் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தனர். எனினும் அடிப்படை மாறவில்லை. நடிகர் முன்னே நிற்பார். இடம் பின்னே தொங்கும். வரைந்த தெருவைப் பார்க்கலாம், அதில் நடந்து செல்ல இயலாது. வரைந்த கதவைத் தட்டினால் துணி அசையும்.

மேலை நாடுகளிலும் திரைப்படம் இந்த நிலையிலிருந்தே புறப்பட்டது. பாரிஸ் நகரத்து மெலியெஸ் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த மாயப் படங்களில் நிலவும் கடலும் வண்ணம் பூசிய தட்டிகளே. 1914இல் இத்தாலியில் வெளிவந்த ‘கபீரியா’ என்ற படத்தில் பஸ்ட்ரோனே என்ற இயக்குநர், ஆழமும் அகலமும் கொண்ட மாளிகைகளை எழுப்பி, காமிராவைச் சக்கரம் பூட்டிய வண்டியில் ஏற்றி அவற்றினூடே நகரச் செய்தார். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. துணியின்முன் காமிரா நகர்ந்தால் துணி துணியாகவே தெரிந்துவிடும். தூணும் படியும் நிலையும் உண்மையாக எழுந்து நின்றால்தான் காமிரா நடமாட முடியும். காட்சியமைப்பாளன் இடத்தைக் கொடுத்த பிறகே ஒளிப்பதிவாளனுக்குக் கால் முளைத்தது எனலாம்.

வெயிலும் வெள்ளைத் துணியும்

தென்னாட்டில் முதல் கதைப்படம் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் உதிரிப்பாக வணிகத்திலிருந்து இத்துறைக்கு வந்தவர் அவர். 1910களின் பிற்பகுதியில் அவர் எடுத்த ‘கீசகவதம்’ என்ற மௌனப்படத்திற்குச் சென்னை புரசைவாக்கத்தில் அமைத்த ஸ்டூடியோவில் மின்விளக்கு இல்லை. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டி இறக்கினார்கள். விராட மன்னன் அரண்மனை எழுந்தது அந்தத் துணிப்பந்தலின் கீழேதான்.

அதே காலத்தில் கோலாப்பூரில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பாபுராவ் பெயின்டர் (1890-1954) மேடைத்திரை தீட்டும் ஓவியர். தொழிலே அவர் பெயராயிற்று. படுதா தீட்டுவதில் வல்லவரான அவரே, தம் படங்களில் படுதாவை விலக்கிக் கனமும் பக்கமும் உடைய கட்டுமானங்களைக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற தாம்லே, பத்தேலால் ஆகியோர் 1929இல் வேறு சிலருடன் சேர்ந்து பிரபாத் நிறுவனத்தைத் தொடங்கினர். பத்தேலாலின் காட்சியமைப்பு அந்நிறுவனத்தின் படங்களுக்குத் தனிப்பொலிவு தந்தது.

தமிழ்ப்படங்கள் தொடக்கத்தில் வெளியூர்களிலேயே பிறந்தன. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது. 1934இன் ‘சீதா கல்யாணம்’ பிரபாத் நிறுவனத்தில் உருவானது. நடிகர்களும் இசைவாணர்களும் ரயிலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் சென்றார்கள். தமிழர் பேச்சும் தமிழர் பாட்டும் படத்தில் இருந்தன. அவர்கள் நின்ற வீடும் வாசலும் மராட்டியரோ வங்காளியரோ கட்டிக் கொடுத்தவை. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டூடியோவை நிறுவிய பின்னரே, தமிழ்ப்படத்திற்குத் தமிழ்நாட்டில் நிற்க இடம் கிடைத்தது.

மூவர் கூட்டு

1930களின் தொடக்கத்தில் சென்னையில் ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ என்ற ஆங்கிலத் திரைப்பட இதழ் வெளிவந்தது. ஒலியும் நிழலும் என்பது அதன் பொருள். அதனுடன் தொடர்புடையவர் மூவர். ஒருவர் முத்துசுவாமி ஐயர். பிற்காலத்தில் முருகதாசா என்ற பெயரில் படங்களை இயக்கியவர். இன்னொருவர் கே. ராம்நாத்; ஒளிப்பதிவிலும் பின்னர் இயக்கத்திலும் புகழ் பெற்றவர். மூன்றாமவர் ஏ. கே. சேகர்.

இந்தக் கூட்டின் சிறப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்காலத்தில் தமிழ்ப்படத் துறைக்கு வந்தோருள் பெரும்பாலோர் நாடக மேடையிலிருந்து வந்தனர். அன்றிப் பணம் போடும் வணிகராக வந்தனர். இம்மூவரோ திரைப்படம் என்றால் என்ன என்று படித்தும் எழுதியும் ஆராய்ந்த பின்னர் உள்ளே வந்தவர்கள். அவர்கள் தேர்ந்த துறைகளும் ஒன்றுக்கொன்று துணையானவை. கதையை நடத்துபவர் ஒருவர், ஒளியைப் பிடிப்பவர் ஒருவர், இடத்தைச் சமைப்பவர் ஒருவர். இம்மூன்றும் ஒத்துப்போனால்தான் படம் என்ற ஒன்று உண்டாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சென்னை எல்டாம்ஸ் சாலையில் டன்மோர் மாளிகை என்ற பங்களா வளாகத்தில் வேல் பிக்சர்ஸ் நிறுவனத்தார் ஸ்டூடியோ நடத்தினர். மூவரும் அங்கே சேர்ந்து பணியாற்றினர். மார்க்கண்டேயர் கதையை முருகதாசா 1935இல் அங்கு இயக்கினார். புராணக் கதைக்குக் கோயிலும் வேண்டும், ஆசிரமமும் வேண்டும், எமலோகமும் வேண்டும். பங்களாத் தோட்டத்தில் அவற்றையெல்லாம் எழுப்புவது சேகர் போன்றோரின் பணி.

பேசும் படம் வைத்த கணக்கு

அந்தப் பணியின் அருமை புரிய, அக்காலத்து ஸ்டூடியோவின் நடைமுறையை அறிதல் வேண்டும். நடிகர் பேசும்போதே ஒலியும் பதிவாகியது. ஒலி புகாத கூடங்கள் அரிது. காக்கை கரைந்தால் படப்பிடிப்பு நின்றது. காக்கை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்த கதைகள் சென்னைத் திரையுலகில் வழங்கிவந்தன. ஆகவே மண்டபம் கட்டுபவர் கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் கட்டவேண்டியதாயிற்று. பலகையால் அடித்த மேடை உள்ளே வெற்றிடமாக இருப்பதால், அரசன் நடந்தால் பெட்டியைத் தட்டும் ஓசை எழும். அதன்மேல் கனத்த விரிப்பு வேண்டும். வெறுஞ்சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். அதை உறிஞ்சத் திரைச்சீலை தொங்கவேண்டும். பழைய படங்களின் அரண்மனைகளில் காணும் விரிப்புகளையும் திரைகளையும் ஆடம்பரம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

விளக்கும் தன் கணக்கை வைத்தது. மேலிருந்து ஒளி இறங்க வேண்டுவதால் பெரும்பாலான அறைகளுக்குக் கூரை இல்லை. காமிரா பின்வாங்க வேண்டுவதால் நான்காவது சுவர் இல்லை. சில வேளை மூன்றாவது சுவரும் கழற்றி மாட்டும்படி இருக்கும். தூண்கள் பார்வைக்குப் படும் பாதி மட்டுமே தூண். பின்பக்கம் சட்டமும் ஆணியும். மரச்சட்டத்தின்மேல் சாக்குத்துணியை இழுத்துக்கட்டிச் சாந்து பூசிக் கல்லாக்கினார்கள். சிற்பங்களை அச்சில் வார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் தூய வெள்ளைச் சுவர் கண் கூசும்படி ஒளிரும். ஆகவே திரையில் வெண்மையாகத் தெரியவேண்டிய சுவருக்கு வேறு நிறம் பூசினார்கள். வண்ணங்களையெல்லாம் சாம்பல் நிறத்தின் படிகளாக மனத்தில் மாற்றிப் பார்க்கத் தெரிந்தவரே அத்தொழிலில் நிலைத்தனர்.

இடம் குறுகிய கூடத்தில் நீண்ட தாழ்வாரம் வேண்டுமானால், தூரத் தூண்களைப் படிப்படியாகச் சிறிதாக்கி நெருக்கி வைப்பர். கண் தன் பழக்கத்தால் அதை நெடுந்தொலைவு என்று கொள்ளும். கட்ட முடியாத கோபுர உச்சியைக் கண்ணாடியில் தீட்டி, காமிராவின்முன் நிறுத்திக் கீழே கட்டிய பகுதியுடன் பொருந்தச் செய்வதும் உலகெங்கும் கையாண்ட முறையாகும். தச்சும் ஓவியமும் கணிதமும் ஒருங்கே அறிந்தாலன்றி இவை கைகூடா.

தன்யூப் நாட்டு ஒப்புமை

சென்னையில் மூன்று நண்பர்கள் இவ்வாறு கைகோத்த அதே ஆண்டுகளில், ஐரோப்பாவில் மூன்று உடன்பிறந்தார் இதுபோன்றதொரு கூட்டை அமைத்திருந்தனர். ஹங்கேரி நாட்டில் தூர்கெவே என்ற சிற்றூர்ப் பகுதியில் பிறந்த அலெக்சாண்டர், சோல்ட்டான், வின்சென்ட் கோர்டா என்போர் அவர்கள். முன்னிருவர் இயக்குநர்கள். இளையவரான வின்சென்ட் (1897-1979) ஓவியர். பிரான்சில் தூரிகையோடு வாழ்ந்துகொண்டிருந்த அவரைத் தமையனார் 1931இல் ‘மாரியுஸ்’ என்ற படத்திற்குக் காட்சியமைக்க அழைத்தார். மார்செய் துறைமுகத்து மதுக்கடை ஒன்றைப் பாரிசுக்கு அருகே ஸ்டூடியோவில் எழுப்பியதோடு அவர் வாழ்க்கை திசை மாறியது.

பின்னர் மூவரும் இங்கிலாந்தில் தொழில் நடத்தினர். 1936இன் ‘வரவிருப்பவை’ என்னும் பொருள்படும் படத்திற்கு வின்சென்ட் எதிர்கால நகரத்தைச் சமைத்தார். மைசூர் அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்த சிறுவன் சாபுவை உலகப் புகழுக்கு உயர்த்திய ‘யானைச் சிறுவன்’ (1937) படமும் அவர்களுடையதே. மைசூரில் படம்பிடித்த காட்சிகளோடு இங்கிலாந்தில் ஸ்டூடியோவிலே எடுத்த காட்சிகளை இணைத்து அது முடிந்தது. 1940இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ வின்சென்டுக்கு அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் விருதைப் பெற்றுத் தந்தது. கான்ராடின் மலாய்த் தீவுக் கதையை 1951இல் படமாக்கியபோது, அதன் வெளிப்புறக் காட்சிகள் இலங்கையில் எடுக்கப்பட்டன. அதற்கும் காட்சியமைப்பு வின்சென்டுடையது.

ஐரோப்பியக் காட்சியமைப்பு இந்தியாவிற்கு நேரே வந்ததும் உண்டு. 1934இல் ஹிமான்சு ராய் நிறுவிய பம்பாய் டாக்கீசில், இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டின், ஒளிப்பதிவாளர் விர்ஷிங் ஆகியோருடன் கார்ல் வான் ஸ்ப்ரெட்டி என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞரும் பணியாற்றினார். 1936இன் ‘அச்சூத் கன்யா’ படத்துச் சிற்றூர் அவர் அமைத்தது. ஸ்ப்ரெட்டிக்கும் வின்சென்டுக்கும் வாய்த்த பயிற்சிக்கூடங்கள் சென்னையில் இல்லை. சென்னையிலிருந்தோர் படித்தும் பார்த்தும் செய்தும் கற்றனர். அமெரிக்க அகாடமி 1929இல் வழங்கிய முதல் விருதுகளிலேயே காட்சியமைப்பிற்கும் ஒன்று இருந்தது. இந்தியாவில் இத்துறைக்குத் தேசிய விருது ஏற்பட்டது 1970களின் கடைசியில்தான். சேகரின் சிறந்த பணிகள் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது அது.

முரசுக்குள் மறைந்த படை

1940களின் தொடக்கத்தில், கே. சுப்பிரமணியம் நடத்திவந்த ஸ்டூடியோ தீ விபத்துக்குப் பின் ஏலத்திற்கு வந்தது. ஆனந்த விகடன் உரிமையாளர் எஸ். எஸ். வாசன் அதனை வாங்கி ஜெமினி என்று பெயரிட்டார். வேல் பிக்சர்ஸ் கூட்டு அங்கே மீண்டும் கூடியது. தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ (1942) முருகதாசாவின் இயக்கத்தில் ஜெமினியிலிருந்து வெளிவந்தது. ராம்நாத்தும் சேகரும் வாசனின் பெருந்திட்டங்களுக்குத் தூண்களாயினர்.

அத்திட்டங்களுள் பெரியது ‘சந்திரலேகா’. பல ஆண்டுகள் உழைத்து, 30 லட்சம் ரூபாய் செலவிட்டு, 1948 ஏப்ரல் 9ஆம் நாள் வெளியிட்ட படம் அது. அதன் கலை இயக்குநர் ஏ. கே. சேகர். முதலில் இயக்கிய ஆச்சார்யா இடையில் விலக, வாசனே பொறுப்பேற்றார். ராம்நாத்தும் படம் முடியுமுன் 1947இல் ஜெமினியை விட்டு நீங்கினார். ஒளிப்பதிவைக் கமல் கோஷ் நிறைவு செய்தார்.

அப்படத்தின் முரசு நடனத்தை அறியாத தமிழர் ஒரு காலத்தில் இல்லை. கொடிய இளவரசன் சசாங்கன், தன் தமையன் வீரசிம்மனைச் சிறைப்படுத்திச் சந்திரலேகாவை மணக்க வற்புறுத்துகிறான். அவள் இசைவதுபோல நடித்து, மணத்திற்கு முன் முரசு நடனம் நிகழவேண்டும் என்கிறாள். அரண்மனை முற்றத்தில் பெருமுரசுகள் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றின்மேல் மகளிர் ஆடுகின்றனர். ஆட்டம் உச்சத்தை அடைந்து ஓய்ந்ததும் முரசுகள் திறக்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வாளோடு பாய்கின்றனர். 400 ஆடுநர் ஆறு மாதம் பயிற்சி பெற்ற காட்சி இது. ஒரே வேளையில் நான்கு காமிராக்கள் இதைப் பிடித்தன என்பர். இக்காட்சிக்கு மட்டும் ஐந்து லட்சம் ரூபாய் ஆயிற்று என்றும் சொல்லப்படுவதுண்டு.

கிரேக்கரின் மரக்குதிரை இதற்கு முன்னோடி என்று மேலைநூல் கற்றோர் கூறுவர். தமிழ் கற்றோர்க்கு அத்தனை தொலைவு செல்லவேண்டுவதில்லை. கொங்குவேளிர் பாடிய உதயணன் கதையில், பிரச்சோதனனின் ஆட்கள் எந்திர யானைக்குள் படையை ஒளித்து வைத்து உதயணனைச் சிறைப்பிடித்தனர். இரண்டிலும் செய்பொருளே கதையைத் திருப்புகிறது.

இங்கேதான் சேகர் பணியின் நுட்பம் விளங்குகிறது. படுதாக் காலத்தில் காட்சி கதைக்குப் பின்னணியாக இருந்தது. சந்திரலேகாவில் காட்சிப்பொருளே கதையின் முடிச்சாக நிற்கிறது. முரசு என்பது தொலைவிலிருந்து பார்க்க அழகிய ஒழுங்கு. மேலே ஆடுவோர்க்கு உறுதியான தளம். உள்ளே இருப்போர்க்கு மறைவிடம். இம்மூன்று பயனும் ஒரு வடிவத்தில் கூடவேண்டும். வரிசைகளுக்கு இடையே வீரர் ஓட வழி இருக்கவேண்டும். மாடத்திலிருந்து நோக்கும் இளவரசன் கண்ணுக்கும் திரைமுன் அமர்ந்தோர் கண்ணுக்கும் ஐயம் எழலாகாது. பார்வையாளர் அழகு என்று கொண்டது சற்றுப் பின்னர் ஆயுதமாக மாறுவது, கட்டுமானத்தைக் கதையாகவே எண்ணியவரால்தான் இயலும். வரைந்த முரசிலிருந்து வீரன் வரமாட்டான்.

பின்வந்தோர்

சந்திரலேகா திறந்த வழியில் 1950களில் பலர் நடந்தனர். விஜயா நிறுவனத்தின் கோகலே, கலாதர் இணை ‘பாதாள பைரவி’ (1951), ‘மாயா பஜார்’ (1957) ஆகிய படங்களுக்கு மாய உலகம் சமைத்தது. மாயா பஜாரில் காணும் துவாரகை நகரம், ஐம்பதுக்கு அறுபது அடி இடத்தில் அட்டையால் செய்த ஏறத்தாழ 300 சிறு வீடுகளே. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு அவற்றை மாநகராக்கியது.

பெருமை பருமனில் மட்டும் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. 1962இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முழுவதும் ஒரே மருத்துவமனைக் கட்டுமானத்துக்குள் நிகழ்கிறது. கங்கா அமைத்த அறைகளும் நடைவழிகளும், மூன்று மனிதரின் மன நெருக்கத்தையும் நெருக்கடியையும் காட்டப் போதுமானவையாக இருந்தன. 1977இல் ‘பதினாறு வயதினிலே’ உண்மைச் சிற்றூருக்குக் காமிராவைக் கொண்டுசென்றபின், ஸ்டூடியோக் கட்டுமானத்தின் செல்வாக்குக் குறைந்தது. ஆயினும் அக்கலை மறையவில்லை. 1987இன் ‘நாயகன்’ படத்தில் பம்பாய்த் தாராவியைச் சென்னையில் எழுப்பிய தோட்டா தரணி தேசிய விருது பெற்றார். கட்டியது என்று தெரியாமல் கட்டுவதே அத்தொழிலின் உச்சம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

தோட்டத்துத் திரையில்

மலாயாத் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த பங்சாவான் நாடகம், பார்சி மேடையின் ஓவியத்திரைகளைத் தானும் கைக்கொண்டது. மதுரையில் இறங்கிய படுதாவும் பினாங்கில் இறங்கிய படுதாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1934இல் சிங்கப்பூரில் ‘லைலா மஜ்னூன்’ என்ற மலாய்ப்படத்தை இயக்கியவர் இந்தியரான ராஜ்ஹான்ஸ். போருக்குப்பின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் முதலியோர் மலாய்ப்படங்களை இயக்கினர். அங்கும் மலாக்கா அரண்மனைகள் மரத்திலும் சாந்திலும் எழுந்தன.

நெகிரி செம்பிலானின் லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்கள் போன்ற இடங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகவேண்டியவர்கள், பாய் விரித்து நள்ளிரவு வரை அமர்ந்து பார்த்தார்கள். லயத்து அறைகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாண்டியன் அவை என்றால் எப்படி இருக்கும், கோட்டை வாயில் என்றால் எவ்வளவு உயரம் என்பதைப் பாடநூலுக்கு முன்பே அந்தத் துணி கற்பித்தது. அவர்கள் மனத்தில் பதிந்த தமிழ் அரண்மனை, சென்னையில் தச்சர்களும் வண்ணக்காரர்களும் ஒட்டுப்பலகையில் அடித்த அரண்மனை.

லுக்குட் குன்றின்மேல் 1847இல் ராஜா ஜுமாட் எழுப்பிய கோட்டையின் அகழியும் மண்மேடும் இன்றும் காணக் கிடைக்கின்றன. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பியது சிதைந்தும் நிற்கிறது; கட்டியவன் பெயரும் நிற்கிறது. திரைக்கோட்டையின் ஊழ் வேறு. படப்பிடிப்பு முடிந்த மறுநாளே அதைப் பிரித்து, பலகையை அடுத்த படத்திற்கு எடுத்துக்கொள்வர். எஞ்சுவது படச்சுருள் ஒன்றே. அந்தச் சுருளும் பேணப்படவில்லை. ‘கீசகவதம்’ இல்லை, ‘காளிதாஸ்’ இல்லை. தென்னாட்டு மௌனக் கதைப்படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றே தப்பியது என ஆய்வாளர் கூறுவர். முதற்காலக் காட்சியமைப்பாளர்களின் உழைப்பு இருமுறை இடிந்தது. ஸ்டூடியோவில் ஒருமுறை, சுருளோடு ஒருமுறை. ஜெமினி ஸ்டூடியோவும் இன்று இல்லை. 1973இல் அவ்விடத்தருகே கட்டிய மேம்பாலத்தை ஜெமினி பாலம் என்று மக்கள் வழங்குவதில் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்நிலையில் ‘சந்திரலேகா’ அழியாமல் கிடைத்திருப்பது நற்பேறு. அப்படத்தின் எழுத்துகள் ஓடும்போது கலை என்ற சொல்லுக்கு எதிரே வரும் பெயரை ஒருமுறை நின்று படித்தல் வேண்டும். அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர், மூங்கிற்கழி ஒன்றை இருபத்துநான்கு பெருவிரல் அளந்து வெட்டி, பள்ளித் திடலில் ஏழுக்கு எட்டு என்று மாணவரைக்கொண்டு கோடு போடச் செய்யலாம். மாதவி ஆடிய இடம் எத்துணைச் சிறியது, அதற்குள் எத்துணை எண்ணம் அடங்கியது என்பதை அவர்கள் காலால் உணர்வர். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் அரசனாகவும் அமைச்சனாகவும் வேடமிட்ட பிள்ளைகளின் பெயர்களை மேடையில் அறிவிப்பது வழக்கம். அரியணைக்கு அட்டை வெட்டிய பிள்ளையின் பெயரையும், காட்டுக்குப் பச்சை பூசிய பிள்ளையின் பெயரையும் அவர்களோடு சேர்த்து அறிவித்தால், இளங்கோவடிகள் சொல்லாது விட்ட ஏழாமவர்க்கு உரிய இடம் அங்கேனும் கிடைக்கும்.